தலைமாட்டுக் கல்

சுனந்தா: அண்ணா... இங்க ஏன் திரும்பற? வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நேரா இல்ல போவணும்?

மகாவீர்: தெரியும்மா. எனக்கே வழி சொல்லித் தர்றியா?

சுனந்தா: தெரிஞ்சா ஏன் திரும்பற?

மகாவீர்: நாளைக்கு பௌர்ணமி. இன்னைக்கே டவுனுக்குள்ள பேரிகார்டு வெச்சி கட்டியிருப்பான். தேரடி கிட்ட மாட்டினோம்னா அவ்ளோதான். சுத்திக்கினு அடி அண்ணாமலை பக்கமா போயி அப்படியே வேங்கிக்கால் புடிச்சிரலாம்.

சுனந்தா: மலையவே ஒரு சுத்தா?

மகாவீர்: ஆமா. அதுக்கு இன்னா?

சுனந்தா: ஒண்ணும் இல்ல. ஜனங்க புண்ணியத்துக்கு நடந்து சுத்துது. நீ டீசல் போட்டு சுத்தற. அதுவும் சமணப் பையன். அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு.

மகாவீர்: அவரு எங்க சிரிச்சாரு... சரி, பின்னாடி மூட்ட ஆடுது பாரு. நல்லா கட்டினியா இல்லியா?

சுனந்தா: கம்பளி சுத்தி, மேல சாக்கு சுத்தி, கயிறு போட்டு கட்டியிருக்கேன். ஆடினாலும் உருளாது.

மகாவீர்: இன்னா கனம்! தூக்கி வெக்கறப்ப இடுப்பு புடிச்சிக்கிச்சு. ஒரு தலமாட்டுக் கல்லுக்கு இவ்ளோ கனமா?

சுனந்தா: நீதான் நானே தூக்கறேன், நானே தூக்கறேன்னு நின்ன.

மகாவீர்: கூடப் பொறந்தவளுக்கு ஒத்தாசை பண்ணா குத்தமா?

சுனந்தா: குத்தம் இல்லண்ணா, அதிசயம். 'கல்லும் மண்ணும் பொறுக்கிக்கினு திரியறியே, டீச்சர் வேல செய்யி'ன்னு நேத்து வரைக்கும் திட்டினவன். காலைல பாத்தா வண்டிய கழுவி, பொட்டு வெச்சி வாசல்ல நிறுத்தியிருக்க. நான் கண்ண கசக்கிக்கினு பாத்தேன்.

மகாவீர்: பஸ்ல எப்படி தூக்கிக்கினு போவ? அதான்.

சுனந்தா: அதான்.

மகாவீர்: தீக்ஷாவயாச்சும் கூட இட்டுக்கினு வந்திருக்கலாம். ஒரு கை புடிச்சிருப்பா.

சுனந்தா: உன் பொண்ணுக்கு காலேஜ்ல பரீட்சை. ஸ்கூட்டிய எடுத்துக்கினு அப்பவே போயிட்டா.

மகாவீர்: படிக்கட்டும், படிக்கட்டும். நம்ம வீட்லயே அவளுக்குத்தான் மண்டை இருக்குது... அந்த ஆபீசரு எது வரைக்கும் இருப்பாராம்?

சுனந்தா: பொழுது போறதுக்குள்ள கெளம்பிடுவாராம். அவரு தொல்லியல்காரரு, வேற வேலையா வந்தவரு. நம்ம அதிர்ஷ்டம், கலெக்டர் ஆபீஸ்ல இன்னைக்கு ஒரு நாள் உக்காந்திருக்காரு. 'போட்டோ எல்லாம் வேணாம்மா, போட்டோவ யாரு வேணா எங்க வேணா எடுக்கலாம்னு குவாரிக்காரங்க சொல்றாங்க, கல்ல கண்ணுல காட்டுங்க'ன்னுட்டாரு. காட்டினாதான் நம்ம குன்றுல மேக்கால பாதி தப்பிக்கும்.

மகாவீர்: காட்டலன்னா?

சுனந்தா: தெரியாத மாதிரி கேக்கறியே. சுக்காங்குன்றுல கெழக்கால பாதி குகையோட போயாச்சு. மேக்கால பாதிக்கும் உத்தரவு தயாரா இருக்குது. நாளைக்கு கையெழுத்து ஆச்சுன்னா அடுத்த வாரம் வெடி. அங்க இருக்கற அந்த ஒத்த கல்படுக்கையும் சுண்ணாம்புக் காளவாய்க்கு போயிடும்.

மகாவீர்: ம்...

சுனந்தா: இன்னா 'ம்'?

மகாவீர்: ஒண்ணும் இல்ல, முன்னாடி மாடு. ஏய் தம்பி, மாட்ட ஓரமா புடி! ... கட போடறான் பாரு, ரோட்டுல பாதிய வளச்சிக்கினு.

சுனந்தா: ஹாரன் அடி. ஏன் மாப்பிள்ள ஊர்வலத்துக்கு வழி வுடற மாதிரி நின்னுக்கினு இருக்க?

மகாவீர்: அவசரப்படாத. வண்டி சூடாவுது.

சுனந்தா: வண்டி சூடாவலண்ணா. நான்தான் சூடாவறேன்.

மகாவீர்: சுனந்தா... ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அந்தக் குகையில அப்படி இன்னாதான் இருந்துச்சு? மேலேருந்து தண்ணி சொட்டி சொட்டி மாட்டு மடி மாதிரி கல்லு தொங்கும். வௌவால் நாத்தம். கீழ நாலு படுக்க. அவ்ளோதான?

சுனந்தா: அவ்ளோதான்னா? மொத வெடி வெச்சப்ப மண்ணோட இன்னா வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது? கறுப்பும் செவப்புமா பான ஓடு. சங்கு வளையல் துண்டு. பாசிமணி. ஒரு தாடையே வந்துச்சு, பல்லோட. அள்ளி டிப்பர்ல கொட்டிக்கினு போயிட்டானுங்க. நான் ஓடிப் போயி பாக்கறதுக்குள்ள காலி.

மகாவீர்: மண்ணுல ஆயிரம் இருக்கும்.

சுனந்தா: மண்ணுல இருக்கும். கல்லுல எழுத்து தானா மொளைக்குமா? முனிவருங்க மழ காலத்துல தங்கறதுக்குன்னு எவனோ ஒருத்தன் கல்ல வழவழன்னு தேச்சி, தலகாணி மாதிரி மேடு விட்டு செதுக்கிக் குடுத்திருக்கான். அந்தத் தலமாட்டுல அவன் பேர வெட்டியிருக்கான். இப்ப நாலு எழுத்துதான் மிச்சம். 'தன்'னு முடியுது. முன்னாடி இருந்த பேரு காளவாய்ல வெந்து போச்சு.

மகாவீர்: தன்... இன்னா தன்? சாத்தன், கீத்தன்...

சுனந்தா: எனக்கு எப்படித் தெரியும்? குவாரியில ஓடற உன் டிப்பரத்தான் கேக்கணும்.

மகாவீர்: ஆரம்பிச்சிட்டியா?

சுனந்தா: தமாஷுக்கு சொன்னேன்.

மகாவீர்: தமாஷா? என் டிப்பர் இல்லன்னா வேற டிப்பர் ஓடும். நான் வேணாம்னு சொன்னா அவன் கல்லு வெட்டாம வுட்டுடுவானா?

சுனந்தா: உன் டிப்பரு ஓடினதாலதான் அந்தத் துண்டாவது தப்பிச்சுது. உன் டிரைவர் அப்பாசாமி எழுத்தப் பாத்துட்டு லோடு ஏத்தாம ஓரமா உருட்டி வெச்சான்.

மகாவீர்: அவன எவன் உருட்டச் சொன்னது? வந்தமா, லோடு அடிச்சமான்னு போவாம...

சுனந்தா: ஓ. அதுக்குத்தான் அவன வேலைய வுட்டு நிறுத்திட்டியா?

மகாவீர்: அது... அது வேற. வண்டிய கண்டபடி ஓட்டறான்.

சுனந்தா: கண்டபடி ஓட்டறவன நிறுத்தணும்னா மொதல்ல உன்னை இல்ல நிறுத்தணும்? பாத்து! சாமியார் கால் மேல ஏத்தற!

மகாவீர்: அவரு ஏன் நடு ரோட்டுல வராரு... ஐயா, நவுருங்கய்யா... சுனந்தா, பொழுது சாயுது. நீ சாப்புட்டுரு. அந்த மரத்தடியில நிறுத்தறேன்.

சுனந்தா: வேணாம். வேங்கிக்கால் போயி கல்லக் குடுத்துட்டு சாப்புடறேன்.

மகாவீர்: அதுக்குள்ள இருட்டிரும். அப்புறம் ராப்பட்டினிதான். விளக்கு வெச்சா வாயில பச்சத்தண்ணி ஊத்த மாட்ட.

சுனந்தா: ஒரு வேள தின்னலன்னா செத்துட மாட்டேன். ஓட்டு.

மகாவீர்: ஆச்சாரம்னு ஒண்ணு இருக்குது இல்ல?

சுனந்தா: யாரு, நீ பேசறியா ஆச்சாரத்த? நட்ட நடு ராத்திரியில தாபாவுல, நம்மவங்க தொடாத உருளக்கெழங்குல போட்ட போண்டா தின்ற வாயி!

மகாவீர்: எவன் சொன்னான்?

சுனந்தா: உன் சட்டையே சொல்லும். தீக்ஷாதான தொவைக்கிறா.

மகாவீர்: அவ வாயிருக்குதே... சரி, எனக்குப் பசிக்குது. நான் சாப்புடறேன். நிறுத்தட்டா?

சுனந்தா: நிறுத்து. சாப்புடு. கோயில் பிரசாதம் மாதிரி பொறுமையா, ஒவ்வொரு பருக்கையா சாப்புடு.

மகாவீர்: இன்னா... இப்படிச் சொல்ற?

சுனந்தா: நிறுத்தணும்னு சொல்றவன் நீ. நிறுத்துன்னா முழிக்கிற.

மகாவீர்: இல்ல... நீ அவசரம்னியே.

சுனந்தா: அவசரம்தான். புளி சாதம் கட்டியிருக்கேன். இந்தா... எப்படி இருக்கு?

மகாவீர்: உப்பு கம்மி.

சுனந்தா: உனக்கு இனிமே உப்பு கம்மியாத்தான் போடணும்.

மகாவீர்: பேச்சுல மட்டும் ஜாஸ்தி போடு... ஏன் அடிக்கடி போனப் பாக்கற?

சுனந்தா: நீ ஏன் அடிக்கடி கண்ணாடியில பின்னாடி பாக்கற?

மகாவீர்: டிரைவர்னா பின்னாடி பாக்கத்தான் செய்வான்.

சுனந்தா: நின்ன வண்டியிலயா?

மகாவீர்: யம்மா, உன் பள்ளிக்கூடத்துப் பசங்க பாவம்மா. இப்படியா குடைவ?

சுனந்தா: பள்ளிக்கூடம்னு சொன்னதும் ஞாபகம் வருது. அன்னைக்கு நம்மூருக்கு விசாரணைக்கு ஒருத்தர் வந்தாரே, அவரு உன்னை இன்னா கேட்டாரு?

மகாவீர்: எத்தினி தடவ சொல்றது?

சுனந்தா: இன்னொரு தடவ சொல்லு. புளி சாதம் செரிக்கும்.

மகாவீர்: 'குன்றுமேல பள்ளி இருக்கறதா மனு குடுத்திருக்காங்க, பள்ளி இருக்குதா'ன்னு கேட்டாரு. பள்ளிக்கூடம் பக்கத்துல வெடி வெக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன். 'குன்றுமேல பள்ளி எதுவும் இல்லீங்க, பள்ளி கீழ ஊர்ல இருக்குது, என் தங்கச்சி அங்கதான் டீச்சரு'ன்னேன். அவரு எழுதிக்கினாரு. போயிட்டாரு. இதுல என் மேல இன்னா தப்பு?

சுனந்தா: ஒண்ணும் இல்ல. வெளியூர்க்காரரு. அவருக்கு பள்ளின்னா பள்ளிக்கூடம்தான்.

மகாவீர்: அதான் சொல்றேன்.

சுனந்தா: உனக்கும் அப்படித்தான் தோணிச்சு.

மகாவீர்: ஆமா... அந்த நேரத்துல அப்படித்தான் தோணிச்சு. ஏம்மா, எழுதினவளத்தான சொல்லணும்? மனுவுல 'குகை'ன்னு எழுதித் தொலைக்கறது. எவன் பள்ளின்னு எழுதச் சொன்னான்?

சுனந்தா: முனிவருங்க படுத்த எடம்னு நம்ம ஊரே அந்தக் குகைய பள்ளின்னுதான் சொல்லும். வேற பேரே கெடையாதே. பக்கத்து வீட்டு ஆராயி கூட 'பள்ளிப்பக்கம் வெறகு பொறுக்கப் போறேன்'னுதான் சொல்லும். அதனால எழுதினேன்.

மகாவீர்: ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க.

சுனந்தா: சரிண்ணா. உனக்குத் தெரியாது. வுடு... அப்பா உன்னை ஒரு நாளு புளியங்குச்சியால வெளுத்தாரே, ஞாபகம் இருக்குதா?

மகாவீர்: எந்த நாளு? தெனம்தான் வெளுப்பாரு. கை கழுவிக்கறேன், தண்ணி குடு.

சுனந்தா: ஒரு தடவ மட்டும் அடிச்சிக்கினே சிரிச்சிட்டாரு. அந்த நாளு.

மகாவீர்: ஞாபகம் இல்ல. ஏறு, போலாம்... அட!

சுனந்தா: இன்னா?

மகாவீர்: ஸ்டார்ட் ஆவல.

சுனந்தா: ஆவாது.

மகாவீர்: ஏன் ஆவாதுன்ற?

சுனந்தா: சூடாவுதுன்னு நீதான சொன்ன.

மகாவீர்: ஆமா... சூடுதான். கொஞ்சம் ஆறட்டும்... அட, இது யாரு? முருகவேலு! டேய் முருகவேலு! இங்க எங்கடா?

முருகவேல்: அண்ணே! நீங்களா! டீச்சரம்மா, வணக்கம்மா. நான் சும்மா... குட்டியானையில இளநி ஏத்திக்கினு வந்தேன். பௌர்ணமி யாவாரம்.

சுனந்தா: குவாரியில சூப்பர்வைசர் வேல பாக்கற நீயி இளநி எப்பலேர்ந்து விக்கற முருகவேலு?

முருகவேல்: அது... மச்சானுதும்மா. சும்மா ஒத்தாசைக்கு.

சுனந்தா: இன்னைக்கு எல்லாருக்கும் ஒத்தாச பண்ற நாளு போல. வண்டியில இளநி ஒண்ணையும் காணோமே.

முருகவேல்: எறக்கிட்டேம்மா... அண்ணே, வண்டி நின்னுடுச்சா? நீங்க வேங்கிக்காலுக்கா? நான் அந்தப் பக்கந்தான் போறேன். சாமான் ஏதாச்சும் இருந்தா குடுங்க, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல எறக்கி வெச்சிடறேன்.

மகாவீர்: நல்லதாப் போச்சு. இந்த மூட்ட ஒண்ணுதான். சுனந்தா, நீ இன்னா சொல்ற? பொழுது போவுது. இவன் முன்னாடி எடுத்துக்கினு போவட்டும். நாம ஆட்டோ புடிச்சி பின்னாடியே போயிரலாம்.

சுனந்தா: கலெக்டர் ஆபீஸ் போறோம்னு முருகவேலுக்கு எப்படித் தெரியும்?

மகாவீர்: வேங்கிக்கால்னா வேற இன்னா இருக்குது? ஒரு பேச்சுக்கு சொல்றான்.

சுனந்தா: சரி, எடுத்துக்கினு போ முருகவேலு.

மகாவீர்: எடு... எடுத்துக்கினு போவலாமா?

சுனந்தா: போவட்டும்னு நீதானண்ணா சொன்ன.

முருகவேல்: ஹப்பா... செம கனம்! டீச்சரம்மா, உள்ள இன்னாதும்மா இது?

சுனந்தா: அம்மிக்கல்லு.

முருகவேல்: ஹாஹா! டீச்சரம்மா எப்பவும் தமாஷுதான். வரேண்ணே! போன் பண்றேன்!

மகாவீர்: பாத்துப் போடா... போயிட்டான்.

சுனந்தா: போயிட்டான். வண்டி இப்ப ஸ்டார்ட் ஆவும், போட்டுப் பாரு.

மகாவீர்: சுனந்தா...

சுனந்தா: ம்?

மகாவீர்: ஏன் சும்மா உக்காந்திருக்க?

சுனந்தா: வேற இன்னா பண்ணணும்?

மகாவீர்: அந்தக் கல்லுக்காக எத்தினி வாசப்படி ஏறின. யார் யார் கால்ல விழுந்த. ராத்திரி அத கட்டிலுக்கடியில வெச்சிக்கினு தூங்கின. இப்ப எவனோ ஒருத்தன் தூக்கிக்கினு போறான், நீ சும்மா வேடிக்கப் பாக்கற. கத்த மாட்ட? அழுவ மாட்ட? என்னை நாலு வார்த்த கேக்க மாட்ட?

சுனந்தா: கேட்டா வருமா?

மகாவீர்: என்னை இப்படிப் பாக்காத. தின்னது செரிக்காது எனக்கு.

சுனந்தா: உப்பு கம்மியான புளி சாதம். ஒண்ணும் பண்ணாது.

மகாவீர்: நான் இன்னா பண்ணுவேன் சொல்லு! வண்டி ரெண்டும் அந்தக் குவாரிய நம்பித்தான் ஓடுது. குவாரிக்காரன், 'உன் தங்கச்சி ஒழுங்கா இல்லன்னா உன் வண்டிக்கு இங்க லோடு கெடையாது'ன்னுட்டான். வண்டி நின்னுச்சுன்னா வீடு நின்னுச்சு. தீக்ஷா படிப்பு நின்னுச்சு. ஒரு கல்லுதான, போனா போவுதுன்னு... எனக்கு மட்டும் மனசு இல்லன்னு நெனக்கிறியா? மொத வெடி வெச்ச அன்னைக்கு நான் சோறு திங்கல. யார்கிட்ட சொல்றது?

சுனந்தா: என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

மகாவீர்: சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப?

சுனந்தா: கூட உக்காந்து நானும் சோறு திங்காம இருந்திருப்பேன்... அழாத. ரோட்டுல போறவங்க பாக்கறாங்க. உன் போன் அடிக்குது பாரு. முருகவேலுதான்.

மகாவீர்: ஹலோ... ஆங், சொல்லு... இன்னா? ... பிரிச்சியா? உன்னை எவன்டா பிரிக்கச் சொன்னது? ... அம்மியா? ... டேய், நல்லா பாருடா, எழுத்து இருக்கும்... மெளகா நெடி அடிக்குதா?

சுனந்தா: முந்தாநாளு கறிவேப்பில தொவையல் அரச்சேன். சரியா கழுவல.

மகாவீர்: வைடா போன... சுனந்தா!

சுனந்தா: அவன்கிட்ட பொய் சொல்லலியே. அம்மின்னுதான் சொன்னேன். சிரிச்சிட்டுப் போறான்.

மகாவீர்: அப்ப கல்லு? கல்லு எங்க?

சுனந்தா: காலைல நீ வண்டி கழுவிக்கினு இருந்த இல்ல, அப்பவே போயிடுச்சு. ஸ்கூட்டில, கால் வெக்கற எடத்துல, துப்பட்டா சுத்தி.

மகாவீர்: ஸ்கூட்டிலயா... யாரு...

சுனந்தா: பரீட்சைக்குப் போறவ யாரு நம்ம வீட்ல?

மகாவீர்: தீக்ஷாவா? அவளுக்கு எப்படி... அவகிட்ட நீ சொன்னியா என்னைப் பத்தி?

சுனந்தா: நான் சொல்லல. அவதான் எனக்குச் சொன்னா. நேத்து மாட்டுக் கொட்டாயாண்ட நின்னுக்கினு 'அடி அண்ணாமலையில வண்டிய நிறுத்தறேன், நீ மூட்டைய மாத்திக்கோ'ன்னு போன்ல பேசினியாமே. தொவைக்கிற கல்லுகிட்ட அவ உன் சட்டையோட நின்னுக்கினு இருந்திருக்கா.

மகாவீர்: ஐயோ... இன்னா சொன்னா? என்னைப் பத்தி இன்னா சொன்னா?

சுனந்தா: ஒண்ணும் சொல்லல. 'அப்பா பேசினது கேட்டுச்சு அத்தை'ன்னா. அப்புறம் சட்டையப் புழிஞ்சி காயப் போட்டா.

மகாவீர்: கடவுளே... அப்ப கல்லுதான் போய்ச் சேந்துடுச்சே. என்னை எதுக்கு இப்படி மலைய சுத்த வுட்ட? நீ வீட்லயே இருந்திருக்கலாம் இல்ல?

சுனந்தா: மூட்ட உன்கிட்ட இருக்குதுன்னு நீ சொல்ற வரைக்கும் எவனும் வேற எடத்துல தேட மாட்டான். அது ஒண்ணு.

மகாவீர்: இன்னொண்ணு?

சுனந்தா: கல்லு மட்டும் பத்தாது.

மகாவீர்: இன்னா பத்தாது? எழுத்து இருக்குது, படிப்பாரு, முடிஞ்சுது.

சுனந்தா: எழுத்து பழைய எழுத்துதான், அதுல சந்தேகம் இல்லியாம். ஆனா அது அந்தக் குன்றுலேர்ந்து வந்துச்சுன்னு யாரு சொல்றது? ஃபைல்ல இன்னா இருக்குது? 'குன்றின் மேல் பள்ளி எதுவும் இல்லை. தகவல் தந்தவர், ஊரைச் சேர்ந்த மகாவீர்.' நான் மனு குடுத்தவ, என் பேச்சு எடுபடாது. அப்பாசாமிய நீ நிறுத்தின, அவன் பேசினா கோவத்துல பேசறான்னுவாங்க. இல்லன்னு சொன்ன வாயி ஒண்ணுதான். அந்த வாயிதான் பேசணும்.

மகாவீர்: என்னால ஆவாது.

சுனந்தா: சரி.

மகாவீர்: பேசினா என் வண்டி ரெண்டும் போச்சு. உனக்குப் புரியுதா?

சுனந்தா: புரியுது. உன்னை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அதான் இவ்ளோ நேரம் கேக்கல. சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடுச்சு பாரு. அவரும் கெளம்பற நேரம்தான்... என் போன் அடிக்குது. தீக்ஷா. ஸ்பீக்கர்ல போடறேன்.

தீக்ஷா: அத்தை, அப்பா பக்கத்துல இருக்காரா?

சுனந்தா: இருக்காரு. பேசு.

தீக்ஷா: அப்பா...

மகாவீர்: சொல்லுடா கண்ணு. சாப்டியா?

தீக்ஷா: சாப்ட்டேம்பா. கல்ல சார் பாத்துட்டாரு. மேஜ மேல வெச்சி லைட் அடிச்சி ரொம்ப நேரம் பாத்தாரு. ஜீப்ல ஏறப் போனவரு, நான் கேட்டதால நிக்கறாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். உங்ககிட்டதான் கேக்கணுமாம்.

மகாவீர்: எங்கிட்ட இன்னாம்மா...

தீக்ஷா: அந்தக் கல்லு இருந்த எடத்துக்கு நம்ம ஊர்ல இன்னா பேருன்னு. நான் சொல்லலப்பா. அப்பாவுக்குத் தெரியும், அவரு சொல்லுவாருன்னுட்டேன். அத்தை, அப்பாவுக்குத் தெரியும்ல? நெஜமாவே மறந்துட்டாரா?

சுனந்தா: எனக்குத் தெரியலடி. நீயே கேளு.

தீக்ஷா: அப்பா? ... போன சார்கிட்ட குடுக்கறேம்பா.

சுனந்தா: அண்ணா... வேணாம்னா கட் பண்ணிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவகிட்ட நானே ஏதாவது சொல்லிக்கறேன்.

மகாவீர்: இரு... சார், வணக்கம் சார். ஆமா சார், தீக்ஷாவோட அப்பாதான். மகாவீர்... அந்த மகாவீரேதான் சார், ஃபைல்ல இருக்கறவன்... எடத்துக்குப் பேரா? சார், சின்ன வயசுல எனக்குப் படிப்பு ஏறாது. பைய மாட்டிக்கினு பள்ளிக்குப் போறேன்னு சொல்லிட்டு குன்றுமேல ஏறிடுவேன். நாள் பூரா அந்தப் படுக்கையில, தலமாட்டு மேட்டுல தலய வெச்சி, சில்லுனு தூங்குவேன். எழுத்து கன்னத்துல குத்தும் சார். ஒரு நாளு எங்கப்பா புடிச்சிட்டாரு. 'பள்ளிக்குப் போறேன்னு பொய் சொன்னியாடா'ன்னு அடிச்சாரு. 'நான் எங்கப்பா பொய் சொன்னேன், பள்ளிக்குத்தான போனேன்'னேன். அடிச்சிக்கினே சிரிச்சிட்டாரு... எழுதிக்குங்க சார். பள்ளி. கூடம் கெடையாது சார், வெறும் பள்ளி. இல்லன்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்.